கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள் யார், பேசியவர்கள் யார்?



போன மாதம் ஒரு நாள் அடைமழை. லயத்துப் பக்கம் போக வழியில்லை. ஆபீசில் இருந்து பழைய கூட்டக் குறிப்புப் புத்தகங்களைத் தூசு தட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். நான் நலன்புரி உத்தியோகத்தராக வந்த நாள் முதல் என் கையாலேயே எழுதி வைத்தவை. தண்ணீர்த் திட்டக் கூட்டம், கக்கூசு கட்டும் கூட்டம், வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கக் கூட்டம், டெங்கு சிரமதானக் கூட்டம் என்று எத்தனையோ. ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் வந்தவர்களின் கையெழுத்து இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல் பெண்கள். சில கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள்.

அடுத்த பக்கத்தைப் புரட்டி யார் என்ன சொன்னார் என்று வாசித்தால் வேறு கதை. தலைவர் சொன்னார், கங்காணி சொன்னார், கோயில் கமிட்டிச் செயலாளர் சொன்னார், மரண உதவிச் சங்கத் தலைவர் கேட்டார். இப்படியே போகிறது. பெண்களைப் பற்றித் தேடித் தேடிப் பார்த்தபோது ஓர் இடத்தில் "தாய்மாரும் ஏற்றுக்கொண்டார்கள்" என்று ஒரு வரி. அதையும் நான்தான் எழுதியிருக்கிறேன். அவர்கள் உண்மையிலே ஏற்றுக்கொண்டார்களா, அல்லது ஒன்றும் சொல்லாமல் இருந்ததை நான் அப்படி எழுதிவிட்டேனா என்று இப்போது எனக்கே ஞாபகம் இல்லை.

இதனால் என்ன நட்டம் என்று சிலர் கேட்பீர்கள். நான் முன்னம் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே கீழ் டிவிசனுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. எங்கெங்கே பைப்பு வைப்பது என்று கூட்டம் போட்டோம். கோயிலுக்குப் பக்கத்தில் ஒன்று, விளையாட்டு மைதானத்துக்குப் பக்கத்தில் ஒன்று, ரோட்டோரத்தில் ஒன்று என்று முடிவானது. அரை மணி நேரத்தில் கூட்டம் முடிந்து தேத்தண்ணீரும் குடித்தாகிவிட்டது. எனக்கு மிகவும் சந்தோசம். பைப்பு வந்து மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். கடைசி லயத்து அம்மா ஒருவர் இரண்டு கையிலும் வாளியோடு 48 படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். பழைய பீலி இருந்த இடம் அவர் வீட்டுக்குப் பின்னாலேதான். உடுப்புக் கழுவுவதும் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும் அங்கேதான். அங்கே பைப்பு வரவில்லை. வரவேண்டும் என்று கூட்டத்தில் யாரும் சொல்லவுமில்லை.

"ஐயா, பைப்பு போட்டுக் குடுத்தீங்க, ரொம்ப நல்லது. ஆனா தண்ணி தூக்குறவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார்.

"நீங்களும் கூட்டத்துல இருந்தீங்கதானே அம்மா?" என்று கேட்டேன்.

"இருந்தேன்யா. பேசுனா அன்னைக்கு ராத்திரி வீட்டுல கேப்பாரு, நீ என்னா தலைவரான்னு. மறுநாள் மலையில நாலு பேரு சிரிப்பாங்க. அதுக்குத் தண்ணி தூக்குறதே மேல்னு இருந்துட்டேன்."

திட்டத்துக்கு ஒதுக்கின பணம் முடிந்துவிட்டது. பைப்பை மாற்ற முடியவில்லை. நான் அந்தத் தோட்டத்தை விட்டு வரும்வரைக்கும் மைதானத்துப் பைப்பில் பையன்கள் பந்து விளையாடிவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் நடக்கும் நேரமும் இடமும்

பெண்கள் வாய் திறப்பதில்லை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பீலியடியிலும் கொழுந்து மடுவத்திலும் நின்று கேட்டுப் பாருங்கள். தராசில் எத்தனை கிலோ கழிக்கிறார்கள், பிள்ளைமடுவத்தில் என்ன குறை, யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, டிஸ்பென்சரியில் மருந்து இருக்கிறதா இல்லையா, எல்லாம் அங்கே விலாவாரியாகப் பேசப்படுகிறது. ஆண்களுக்கு அதில் பாதி கூடத் தெரியாது. ஆகவே பேசத் தெரியாதது காரணமல்ல. அந்தப் பேச்சு கூட்டத்துக்கு வந்து சேராமல் நடுவழியில் நின்றுவிடுகிறது. ஏன் என்று பார்க்க வேண்டும்.

முதலில் நேரம். நாலு மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் மடுவத்துக்கும் அனுப்பி, பெரட்டுக்கு ஓடி, பகல் முழுக்க மலையில் நின்று, பின்நேரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்து, விறகோடு வீட்டுக்கு வந்து, மறுபடி அடுப்படியில் நிற்கும் நேரத்தில் நாங்கள் கூட்டம் வைக்கிறோம். ஆறரை மணிக்கு. ஆண்களுக்கு அது ஓய்வு நேரம். பெண்களுக்கு அது சோறு வடிக்கிற நேரம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்னால் நின்று, அடுப்பில் வைத்தது நினைவுக்கு வந்ததும் ஓடிவிடுகிறார்கள். முக்கியமான முடிவு எல்லாம் கடைசியில்தானே எடுக்கிறோம்!

அடுத்தது இடம். நமது தோட்டங்களில் பெரும்பாலும் கோயில் மண்டபத்தில்தான் கூட்டம் நடக்கும். வேறு பெரிய இடம் இல்லை. ஆனால் மாதத்தில் சில நாட்கள் பெண்கள் கோயில் பக்கம் வரமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த விசயம். அந்த நாளில் கூட்டம் விழுந்தால் அவர் வராதவர். ஏன் வரவில்லை என்று கேட்டால் சொல்லவும் மாட்டார். இந்தச் சின்ன விசயம் எனக்கு இத்தனை வருசம் புத்தியில் படவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். என் மனைவி சொல்லித்தான் தெரிந்தது.

பிறகு உட்காரும் விதம். முன்வரிசைக் கதிரை தலைவர்மாருக்கு. நடுவில் ஆண்கள். பெண்கள் பின்னால் பாயில், அல்லது சுவரோரமாக நின்றுகொண்டு. பின்னாலிருந்து பேச வேண்டுமென்றால் சத்தம் போட வேண்டும். சத்தம் போட்டால் வாயாடி என்று பெயர். தண்ணி போட்டுவிட்டு வந்து சத்தம் போடும் ஆளுக்கு அந்தப் பெயர் கிடையாது, கவனித்திருப்பீர்கள்.

ஓட்டு வந்து, போய், திரும்பி வந்த கதை

இது நமது லயத்துக் கூட்டத்தோடு முடிகிற விசயமல்ல. நாட்டு நிர்வாகத்திலும் இதே கதைதான்.

இலங்கையில் 1931 ஆம் ஆண்டிலேயே டொனமூர் அரசியல் திட்டப்படி ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமாக வாக்குரிமை வந்துவிட்டது. ஆசியாவிலேயே முதலில் வந்தது இங்கேதான். அந்த அரசாங்க சபைக்கு அடலின் மொலமூரே என்ற பெண்மணி 1931 இல் தெரிவானார். அடுத்த ஆண்டு கொழும்பு வடக்கில் இருந்து நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணி தெரிவானார். 1960 இல் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகத்தின் முதலாவது பெண் பிரதமரானார். இதையெல்லாம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள்.

நமது மலையகப் பெண்களின் கணக்கு வேறு. 1930களில் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர் படும் பாட்டைப் பாட்டாகக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். பேச்சைக் கேட்க வராத சனம் அந்த அம்மாவின் பாட்டைக் கேட்க வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு பெண் மேடையில் ஏறியது அந்தக் காலத்திலேயே நடந்திருக்கிறது. ஆனாலும் 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசில் இருந்து பாராளுமன்றம் போன ஏழு பேரும் ஆண்கள்.

அதுவும் நீடிக்கவில்லை. 1948 இல் பிரசாவுரிமைச் சட்டம், 1949 இல் தேர்தல் சட்டத் திருத்தம். நமது சனத்தில் மிகப் பெரும்பாலானோரின் ஓட்டு ஆண், பெண் வித்தியாசமில்லாமல் பறிபோனது. பிறகு 1964 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், ஒரு பகுதியினர் கப்பல் ஏற, மீதிப் பேர் கடதாசிக்காகக் காத்திருந்தார்கள். 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களால்தான் மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1949 இல் 21 வதுக் குமரியாக இருந்தவருக்கு 1988 இல் 60 வயது. மலையில் கூடை தூக்கின காலம் முழுவதும் ஓட்டு இல்லாமலே ஓய்வு பெற்றுவிட்டார். நமது அம்மாயிமார் பலருடைய நிலைமை இதுதான். ஓட்டுப் பெட்டியைக் காணாதவர், தன் மகளுக்கும் பேத்திக்கும் கூட்டத்தில் எழும்பிப் பேசு என்று எப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பார்? இதை எழுதக் காரணம், பெண்களுக்கு ஆர்வமில்லை என்று சும்மா சொல்கிறவர்கள் இந்த 39 வருசத்தையும் கணக்கில் எடுக்கட்டும் என்பதற்காகத்தான்.

சங்கத்திலும் இப்படித்தான். கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். சந்தாப் பணம் அவர்கள் சம்பளத்தில் இருந்தும் கழிகிறது. 1984 வரைக்கும் ஒரே நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். அந்த வருசம் ஏப்ரலில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் சமசம்பளம் வந்தது. வேலைநிறுத்தத்தில் ஆண்களும் பெண்களும் சேர்ந்தே நின்றார்கள். பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள். இன்றைக்கும் தோட்டத் தலைவர் என்றால் ஆண், மாதர் தலைவி என்றால் பெண் என்று பிரித்து வைத்திருக்கிறோம். மாதர் தலைவியை மே தினத்துக்கு ஆள் சேர்க்கவும், பெரியவர்கள் வந்தால் ஆலாத்தி எடுக்கவும் கூப்பிடுகிறோம். சம்பளப் பேச்சுக்குக் கூப்பிடுவதில்லை. தலைவர்மார் என்னைக் கோபிக்க வேண்டாம். பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒன்று நடந்தது. கேரளாவில் மூணாறு என்ற தேயிலைப் பிரதேசம். அங்கே கொழுந்து எடுப்பவர்களில் அதிகமானோர் நம்மைப் போலவே தமிழ்நாட்டில் இருந்து போன குடும்பத்துப் பெண்கள். 2015 செப்டெம்பரில் போனஸ் குறைக்கப்பட்டது என்று சொல்லி ஆயிரக்கணக்கான பெண்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். சங்கத் தலைவர்மாரும் அரசியல்வாதிகளும் வந்தபோது, நீங்கள் எங்களுக்காகப் பேச வேண்டாம், நாங்களே பேசிக்கொள்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். "பெண்பிள்ளை ஒருமை" என்று தங்களுக்குப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் நூற்றுக்கு 20 வீதம் என்ற கோரிக்கை ஏற்கப்பட்டது. பிறகு அவர்களுக்குள்ளே பிரிவு வந்தது, பழைய சங்கங்கள் மறுபடி பலமாகின. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் மேசையில் உட்கார்ந்து பேச நமக்குத் தெரியாது என்று யாரும் அந்தப் பெண்களிடம் இனிச் சொல்ல முடியாது.

பிரதேச சபையில் நாலில் ஒரு பங்கு

இனி நமக்கு நேராகச் சம்பந்தப்பட்ட சட்டம் ஒன்றைப் பார்ப்போம். முன்னர் நாடு முழுவதும் உள்ளூராட்சி சபைகளில் நூறு உறுப்பினர் இருந்தால் அதில் இரண்டு பேர் கூடப் பெண்கள் இல்லை. 2016 ஆம் ஆண்டு சட்டத்தைத் திருத்தி, மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை எல்லாவற்றிலும் நூற்றுக்கு 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். 2018 பெப்ரவரியில் நடந்த தேர்தலில் ஏறக்குறைய 1900 பெண்கள் உறுப்பினரானார்கள். அந்த முறைதான் நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அகரப்பத்தனை என்று புதிய பிரதேச சபைகளும் வந்தன. 2025 மே மாதத் தேர்தலும் இந்தச் சட்டப்படியே நடந்தது.

இது எப்படி வேலை செய்கிறது? ஒரு கட்சி இரண்டு பட்டியல் கொடுக்க வேண்டும். வட்டாரத்தில் நிற்பவர்களின் முதல் பட்டியலில் பத்தில் ஒரு பங்காவது பெண்கள். மேலதிகப் பட்டியலில் பாதிப் பேர் பெண்கள். வட்டாரத்தில் வென்ற பெண்கள் போதாவிட்டால் மேலதிகப் பட்டியலில் இருந்து பெண்களைப் போட்டுக் கணக்கை நிரப்ப வேண்டும். மிகக் குறைந்த ஓட்டும் மூன்றுக்குக் குறைந்த உறுப்பினர்களும் பெற்ற சின்னக் கட்சிகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அதனால் சில சபைகளில் 25 வீதம் நிரம்பவில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வட்டாரத்தில் பெண்ணை நிறுத்தக் கட்சிகள் பயப்படுகின்றன. ஆகவே பெரும்பாலான பெண்கள் பட்டியல் வழியாகத்தான் சபைக்குள் போகிறார்கள். போன பிறகு, "நீங்க லிஸ்ட் மெம்பர்தானே, ஒங்களுக்கு வட்டாரமே இல்லையே" என்று சக உறுப்பினர்களே சொல்லிக் காட்டுகிறார்கள். சட்டப்படி அது பிழை. சபையில் அவருடைய கைக்கும் வட்டார உறுப்பினருடைய கைக்கும் ஒரே பெறுமதிதான். அவரிடமும் நாம் விண்ணப்பம் கொடுக்கலாம், அவரும் சபையில் பிரேரணை கொண்டுவரலாம்.

பிரதேச சபை நமக்கு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு ஒரு விசயம். 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டத்து உள் ரோட்டுக்கோ லயத்துக்கோ சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடை இருந்தது. ஓட்டு மட்டும் நம்முடையது. 2018 இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆகவே ரோடு, லைட்டு, குப்பை, மயானம், தண்ணீர் என்று கேட்க இப்போது வாசல் திறந்திருக்கிறது. இந்த விசயங்கள் எல்லாம் யாருடைய முதுகில் ஏறுகின்றன என்று வீட்டில் யோசித்துப் பாருங்கள். கக்கூசுக்குப் போகும் பாதையில் லைட்டு இல்லையென்றால் ராத்திரியில் பயந்து அடக்கிக்கொண்டு கிடப்பது அம்மாவும் குமரிப் பிள்ளையும்தான்.

பாராளுமன்றத்துக்கு இப்படி ஒதுக்கீடு வைத்து சட்டம் இல்லை. 2020 தேர்தலுக்குப் பிறகு 225 பேரில் 12 பேர்தான் பெண்கள். வாக்காளரில் பாதிக்கு மேல் பெண்கள்! 2024 நவம்பர் தேர்தலில் அது இருபதுக்கு மேல் கூடியது. அந்தத் தேர்தலில்தான் மலையகச் சமூகத்துப் பெண்கள் முதன்முதலாகப் பாராளுமன்றம் போனார்கள். நுவரெலியாவில் இருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையில் இருந்து அம்பிகா சாமுவேல். 1931 இல் இருந்து எண்ணினால் 93 வருசம். நாம் அவர்கள் கட்சிக்கு ஓட்டுப் போட்டோமா இல்லையா என்பது வேறு பேச்சு. அந்த நாளில் ஒரு லயத்துப் பிள்ளை டீவியைப் பார்த்து, "அந்த அக்காவும் தோட்டத்துப் பக்கந்தானா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

ஓட்டுப் போடும் விசயத்திலும் சில காரியங்களைக் கவனிக்க வேண்டும். வாக்காளர் இடாப்பு ஒவ்வொரு வருசமும் திருத்தப்படுகிறது. கல்யாணம் முடித்து வேறு தோட்டத்துக்குப் போகும் பெண்களின் பெயர்தான் அதிகமாக விடுபடுகிறது. அம்மா வீட்டு இடாப்பில் வெட்டிவிடுவார்கள், மாப்பிள்ளை வீட்டில் பதிந்திருக்க மாட்டார்கள். கொழும்பில் கடையிலும் கார்மெண்டிலும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் இதே கதி. கிராம சேவகரிடம் போய்ப் பெயர் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். அடையாள அட்டை பெட்டிக்குள் கணவரின் கையில் இருக்காமல் அவரவர் கையில் இருக்கட்டும். ஓட்டுப் போடுவதற்காகச் சம்பளம் வெட்டாமல் லீவு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே பேர் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். சாவடிக்குள் தடுப்புக்குப் பின்னால் நீங்கள் போடும் புள்ளடியைக் கணவரோ தலைவரோ வேறு யாருமோ பார்க்க முடியாது. எந்தச் சின்னத்துக்குப் போட்டாய் என்று வீட்டில் கேட்டால் பதில் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை.

இனி எங்கள் தோட்டத்து விசயம். குறிப்புப் புத்தகத்தைப் பார்த்த பிறகு மூன்று மாற்றம் செய்து பார்த்தோம். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் மூன்று மணிக்கு வைத்தோம். கோயில் மண்டபத்தை விட்டுப் பிள்ளைமடுவத்துக்கு மாற்றினோம். பிள்ளைகளை அங்கேயே விளையாட விடலாம் என்பதால் பெண்கள் அவசரப்படவில்லை. மூன்றாவது, பெரிய கூட்டத்துக்கு முன்னால் கால்மணி நேரம் பெண்கள் தனியாக உட்கார்ந்து பேசி, தங்களில் ஒருவரைத் தெரிந்து அவர் எழும்பிச் சொல்லட்டும் என்று ஒழுங்கு செய்தோம். ஒருத்தி தன் சொந்தக் குறையாகச் சொன்னால் கேலி செய்யும் ஆட்கள், நாற்பது பேர் சொல்லி அனுப்பினதைச் சொன்னால் சிரிப்பதற்குக் கொஞ்சம் யோசிக்கிறார்கள்.

முதல் கூட்டத்தில் எல்லாம் நன்றாக நடந்தது என்று பொய் சொல்லமாட்டேன். தெரிந்தெடுத்த தங்கச்சி எழும்பி நின்று இரண்டு வசனம் பேசிவிட்டு அழுதுவிட்டார். ஒரு பெரியவர், "இதுக்குத்தான் சொன்னேன்" என்றார். அப்போது ஆண்கள் பக்கத்தில் இருந்தே ஒருவர், "விடுங்க மாமா, அது பேசட்டும்" என்று சொன்னார். தங்கச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மீதியைச் சொல்லி முடித்தார். மேல் லயத்துக் கக்கூசுப் பாதைக்கு இரண்டு லைட்டு. கொழுந்து மடுவத்தில் மழைக்கு ஒதுங்க ஒரு கூரை. பிள்ளைமடுவம் பின்நேரம் இன்னும் அரைமணி நேரம் திறந்திருக்க வேண்டும். இவ்வளவுதான் கேட்டார்கள். மூன்றையும் பெயரோடு குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். உண்மையில் எழுதியது நானில்லை. ஏ.எல் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பிள்ளையிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன். அவருடைய எழுத்து என்னுடையதைவிட அழகு.

பிள்ளைமடுவ நேரத்துக்குத் துரை சம்மதித்துவிட்டார். கூரைக்கு எஸ்டிமேட் போட்டிருக்கிறது. லைட்டுக்காகப் பிரதேச சபைக்கு எழுதிய கடிதத்தில் 61 பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதை ஒரு லிஸ்ட் மெம்பர் அம்மாவிடமே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பதில் வந்ததும் இந்தப் பக்கத்தில் அறிவிக்கிறேன்.